ஒரே மாதிரி வீடுகளும் ஒரு நிழல்கூரையும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் புறநகர் வரிசை வீடுகளைப் பற்றி ஓர் இளம் கட்டடக்கலை மாணவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஒரு தாமானுக்கும் (வீட்டுக் குடியிருப்புப் பகுதி) மறு தாமானுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அடையாளம் இல்லாத வீடுகளில் வாழ்கிறவர்களும் நாளடைவில் அடையாளம் இழந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். தம்பி நன்றாக எழுதுகிறார். வீடுகளைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. ஆட்களைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். நம் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கி, பிறகு கிள்ளானுக்கு மாற்றலாகி, உழைத்த காலமெல்லாம் வரிசை வீடுகளின் வாசலில் கழித்தவன். அவர் காரில் போகும்போது பார்த்ததை நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகச் சாவி கொடுத்த தாமானில் கடிதம் போடுவதைப் போல எரிச்சலூட்டும் வேலை எங்கள் தொழிலில் வேறு இல்லை. எண் பலகை மாட்டியிருக்காது, தபால் பெட்டி இருக்காது. எங்கு பார்த்தாலும் அதே வெள்ளைச் சுவர், அதே இரும்புக் கதவு. 2ஆம் எண்ணுக்கு அடுத்தது 4 என்று போனால் அப்படி ஒரு வீடே இருக்காது. சீனர்கள் நான்கை ஆகாத எண்ணாக நினைப்பதால் மேம்பாட்டாளர் அதை 3ஏ ஆக்கியிருப்பார். 3ஆம் எண் எதிர்வரிசையில் இருக்கும். இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வாழ்நாள் முழுக்க ஒருவர் கடிதத்தை ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனாலேயே சம்பந்தியானவர்களும் உண்டு என்று எங்கள் அலுவலகத்தில் கேலி பேசுவோம். கட்டுரையாளர் அந்த முதல் மாதத்தில் ஒரு தாமானைப் படம் பிடித்திருந்தால் அவர் சொல்வது அத்தனையும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

ஓர் ஆண்டு கழித்துப் போய்ப் பாருங்கள். முதலில் மாறுவது கிரில். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிரில் கடைக்காரர்தான் எங்கள் ஊர்க் கலைஞர். ஒரு வீட்டில் உதயசூரியன், அடுத்ததில் அலை, அதற்கடுத்ததில் சதுரத்துக்குள் சதுரம். அடுத்து வாசற்படி. இந்த வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கும், அடுத்த வீட்டுத் தூணில் சீனர்களின் வானத்துத் தெய்வத்துக்கான சிவப்புத் தகரப் பெட்டியில் ஊதுபத்தி புகையும், மூன்றாவது வீட்டுக் கதவின் மேல் அரபு எழுத்தில் இறைவாக்கு இருக்கும். பிறகு பின்பக்கம் சமையலறையை நீட்டுவார்கள், முன்பக்கம் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை போடுவார்கள். முகவரியில் எண் அழிந்துபோன கடிதத்தைக்கூட நான் தவறாமல் சேர்த்திருக்கிறேன். எழுதியவர் 'முருங்கை மரம் உள்ள வீடு' என்று போட்டிருந்தால் போதும். அரசாங்கப் பதிவேட்டில் அவை எல்லாம் 'இடைநிலை மனை'. எங்களுக்கு ஒவ்வொன்றும் தனி வீடு.

என் மாமியார் தோட்டத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர் இரண்டு வீடு தள்ளி நுழைந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சீன அம்மாள் இவரை யாரோ உறவினர் அனுப்பிய ஆள் என்று நினைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறார். மாமியார் குடித்துவிட்டு, "மகள் எங்கே?" என்று தமிழில் கேட்க, அவர் ஹொக்கியன் என்ற சீன மொழியில் பதில் சொல்ல, இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அழைத்தபோது கிளம்ப மனமில்லாமல்தான் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு எங்கள் கதவுக்குப் பச்சை அடித்தோம்.

வீடுகள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதை, என் சமையலறையை நீட்ட வரைபடம் போட்டுக் கொடுத்த வரைவாளர் விளக்கினார். ஒரு வரைபடம், ஒரு முறை அனுமதி, ஒரே அளவு பலகை அச்சு, இரு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர். 22 அடி அகலம், 70 அடி நீளம் என்று மனை பிரித்தால் எத்தனை வீடு தேறும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3க்கும், மற்றவை 6.5க்கும் குறையக் கூடாது என்கின்றன. குறையக் கூடாது என்று சட்டம் சொன்ன அளவையே கூடக் கூடாத அளவாகக் கட்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றார் அவர். அந்த வரைவாளருக்கு நாக்கில் கொஞ்சம் மிளகாய் உண்டு.

இந்தச் சிக்கனத்தை நான் பழிக்க மாட்டேன். 1982இல் அரசாங்கம் மலிவு விலை வீட்டுக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) என்று உச்ச வரம்பு வைத்திராவிட்டால், கடித மூட்டை தூக்கியவனுக்குச் சொந்த வீடு ஏது? முகப்புக்கு முகப்பு அழகு பார்த்துக் கட்டியிருந்தால் அந்த விலைக்கு ஒரு கழிப்பறை வந்திருக்கும்.

கட்டுரையில் விட்டுப்போன ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இந்தத் தாமான்கள் எழுந்த நிலம் பெரும்பாலும் நம்மவர்கள் ரப்பர் பால் வெட்டிய நிலம். பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் என்ற 1,200 ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் உருவானது. சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டத்தில் எழுந்தது. தாமானுக்கு முன்பே நாம் ஒரே மாதிரி வீடுகளில்தான் இருந்தோம். தோட்டத் தொழிலாளர்களுக்கான அந்த வரிசைக் குடியிருப்புக்குப் பெயர் லயம். நான் பிறந்தது கோல சிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு லயத்தில். பலகைச் சுவர், தகரக் கூரை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தடுப்பு கூரை வரை எட்டாது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். அந்த வீட்டில் ஓர் அலமாரி அடிக்க வேண்டுமென்றால் என் அப்பா தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் போய்க் கேட்டு வர வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் அடிபட்டால், அதாவது வேலை போனால், வீடும் போகும். ஆகவே லயத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்றி என்ன பயன், அது நம்முடையதா?

தாமானுக்குக் குடிவந்த முதல் வாரம் என் அப்பா செய்த காரியம், கூடத்துச் சுவரில் ஆணி அடித்தது. முருகன் படத்துக்கு ஓர் ஆணி போதும். அவர் மூன்று அறைகளிலும் அடித்தார். அம்மா சத்தம் போட்டும் நிறுத்தவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் லயமும் வரிசை வீடும் ஒரே குடும்பம்தான். நீளமான கூரை, பொதுச்சுவர், வரிசையாகக் கதவுகள். உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும், சுத்தியலை யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்ற வித்தியாசம்.

அமெரிக்காவில் ஒரே மாதிரி வீடுகளாகக் கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பைக் கட்டுரையாளர் எடுத்துக்காட்டியிருந்தார். பேரனை உட்காரவைத்து அதைப் பற்றித் தேடச் சொல்லிப் படித்தேன். 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் தொடங்கி, நான்கைந்து ஆண்டுகளில் 17,000க்கும் மேல் வீடுகள் கட்டினார்கள். வேலையை இருபத்துச் சொச்சம் கட்டங்களாகப் பிரித்து, வண்ணம் அடிப்பவர் வீடு வீடாக வண்ணம் மட்டும் அடித்துக்கொண்டே போவார். அங்கே உண்மையான கேடு முகப்பில் இல்லை, பத்திரத்தில் இருந்தது. வீட்டு வேலைக்காரர்களைத் தவிர வெள்ளையர் அல்லாதவர் யாரும் அந்த வீடுகளில் குடியிருக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். வேலி போடக் கூடாது, சனி ஞாயிறுகளில் வெளியே துணி காயப்போடக் கூடாது என்றும் விதி. துணி விஷயத்தைப் படித்து என் மனைவி சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் அந்த வீடுகளில் மேல்தளம் முடிக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. வந்தவர்கள் அதை அறையாக்கினார்கள், பக்கத்தில் இழுத்துக் கட்டினார்கள், கூரையை உயர்த்தினார்கள். இன்று அங்கே பழைய வடிவில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது அரிது. கட்டுரையாளர் காட்டிய கறுப்பு வெள்ளைப் படம் சாவி கொடுத்த காலத்தது.

இதெல்லாம் பழங்கதை என்றால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். என் மகளின் வீட்டு விவகாரம்தான் பேனாவை எடுக்க வைத்தது.

மகளும் மருமகனும் காவலுடன் கூடிய ஒரு புதிய குடியிருப்பில் மாடி வரிசை வீடு வாங்கியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். சாம்பலும் வெள்ளையுமாக, முன்வேலி இல்லாமல், விளம்பரத்தில் பார்த்தபடியே அழகாக இருக்கிறது. அவர்கள் வரிசை மேற்குப் பார்த்தது. வரிசை வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். காற்றும் வெளிச்சமும் வெயிலும் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் வரும். நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நண்பகல் வெயில் தலைக்கு மேல் போய்விடும், சுவரைச் சுடுவது காலை வெயிலும் மாலை வெயிலும். வடக்கோ தெற்கோ பார்த்த வரிசை தப்பித்தது. மேற்குப் பார்த்த வரிசை மாட்டிக்கொண்டது. ஏழு மணிக்கு மேல் பொழுது சாயும் நாட்டில் மதியம் இரண்டிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கு அந்த வீட்டு மேல்மாடி முன்னறைச் சன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் வண்ணம் வெளுத்துவிட்டது. குழந்தை அந்த அறையில் பகலில் தூங்குவதில்லை. இரவு பத்து மணிக்குக்கூடச் சுவர் வெப்பத்தை விடுவதில்லை, குளிர்சாதனம் ஓடியபடி இருக்கிறது.

எதிர்வரிசை கிழக்குப் பார்த்தது. அதே வரைபடம். அதே பெரிய படுக்கையறை முன்னால், அதே பெரிய கண்ணாடி. ஒரு தாளைத் திருப்பி வைத்து அந்தப் பக்கமும் கட்டிவிட்டார்கள். கட்டுரையாளர் சலிப்பு என்று எழுதுவதற்குப் பதில் இதை எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். எழுபதுகளில் கட்டிய மலிவு வீடுகளில்கூடச் சன்னலுக்கு மேல் ஓர் அடி, ஒன்றரை அடி சிமெண்டுத் தகடு நீண்டிருக்கும், சுவரின் மேற்புறத்தில் காற்றுத் துளைக் கற்கள் வைத்திருப்பார்கள். கடிதம் கொடுக்கப் போகும்போது அந்தத் தகட்டின் நிழலில் ஒதுங்கியிருக்கிறேன். இப்போதைய முகப்பு வழவழப்பாக இருக்க வேண்டுமாம், அதனால் அந்தத் தகடு போய்விட்டது, துளைக் கல்லும் போய்விட்டது.

சரி, பழைய நாள் போல நாமே மாட்டிக்கொள்வோம் என்று மருமகன் அலுமினிய நிழல்கூரை ஒன்றுக்கு விலை கேட்டார். வீடு ஒப்படைத்தபின் மேம்பாட்டாளரே பழுது பார்த்துத் தர வேண்டிய 24 மாதப் பொறுப்புக் காலம் முடியட்டும் என்று பொறுமையாக இருந்துவிட்டுத்தான் கேட்டார். நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. முகப்பின் சீர்மை குலையுமாம். மகள் சமையலுக்கு வைத்திருந்த அலுமினியத் தாளைக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டினாள். வெளியிலிருந்து பளபளக்கிறது என்று அதற்கும் ஒரு கடிதம் வந்தது. கடிதத்தின் கீழே, இந்தக் குடியிருப்பின் மதிப்பைக் காப்பது நம் அனைவரின் கடமை என்று ஒரு வரி. அந்த அறையில் ஒரு மாலை உட்கார்ந்து எழுதச் சொல்ல வேண்டும் அந்த வரியை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2013ஆம் ஆண்டு அடுக்ககப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள் இப்படிப்பட்ட தரைவீட்டுக் குடியிருப்புகளையும் கட்டுப்படுத்துகின்றன. வெளித்தோற்றம், வண்ணம், முகப்பு ஆகியவற்றை நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்பது அதில் உள்ள விதி. கவனியுங்கள், அனுமதி இல்லாமல் என்றுதான் இருக்கிறது. அனுமதியே கொடுக்காதே என்று எங்கும் இல்லை. உயர்மாடிக் கட்டடத்தில் இருபதாவது மாடியிலிருந்து ஒருவர் வீட்டுத் தகரம் பெயர்ந்து விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து. அங்கே கட்டுப்பாடு வேண்டும். தரையில் நிற்கும் வீட்டுக்கும் அதே கண்டிப்பு எதற்கு? சில குழுக்கள் மறுப்பதைத்தான் நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு பூட்டு கண்ணுக்குத் தெரியாதது. என் வீட்டில் தூணும் உத்திரமும் கான்கிரீட், நடுவில் செங்கல். எந்தச் செங்கல் சுவரையும் இடித்து வாசல் வைக்கலாம். இப்போது பல இடங்களில் அலுமினிய அச்சில் சுவரையே கான்கிரீட்டாக ஊற்றிவிடுகிறார்கள். வேலை விரைவு, சுவர் நேர்த்தி, ஈரக்கசிவும் குறைவு என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் அந்தச் சுவர்தான் வீட்டைத் தாங்குகிறது, தொட முடியாது. இரண்டு சிறிய அறைகளை ஒன்றாக்க நினைத்தால் முடியாது. நாளை மருமகனின் தாயார் வந்து தங்கினால் கீழே ஓர் அறையைப் பெரிதாக்கிக் குளியலறையும் சேர்ப்போம் என்றால் அதுவும் முடியாது. வாங்கும்போது விற்பனைப் பெண் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவும் மாட்டார்.

35 ஆண்டுகள் கடன் கட்டப்போகும் வீட்டில் ஒரு நிழல்கூரைக்கு இன்னொருவரிடம் மனுக் கொடுத்துக் காத்திருக்கும் மகளைப் பார்க்கும்போது எனக்குக் கிராணியின் அலுவலக வாசலில் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற அப்பா நினைவுக்கு வருகிறார். கிராணியாவது நேரில் முகம் பார்த்து முடியாது என்பார். இவர்கள் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்.

கட்டுரையாளர் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் கட்டடக் கலைஞராக ஓர் அலுவலகத்தில் உட்காருவீர்கள். எல்லா வீட்டையும் வேறு வேறாக வரையுங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் உங்கள் முதலாளி விட மாட்டார். கிழக்கு வரிசைக்கு ஒன்று, மேற்கு வரிசைக்கு ஒன்று என்று இரண்டு தாள் வரையுங்கள், போதும். மேற்கில் படுக்கையறையைப் பின்னால் தள்ளுங்கள், மாடிப்படியை முன்னால் வையுங்கள், சன்னலுக்கு மேல் அந்தச் சிமெண்டுத் தகட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்தெந்தச் சுவரைப் பின்னாளில் இடிக்கலாம் என்று வரைபடத்தில் குறித்து வாங்குபவர் கையில் கொடுக்கச் செய்யுங்கள்.

வாங்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன். மாதிரி வீட்டில் போட்டிருக்கும் மெத்தையைப் பார்த்து மயங்காதீர்கள். மாதிரி வீட்டுக்கு நாள் முழுக்கக் குளிர்சாதனம் ஓடும். மனை வரைபடத்தில் வடக்கு எது என்று கேளுங்கள், உங்கள் எண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அடுக்ககப் பட்டாவா (நிர்வாகக் குழுவின் கீழ் வருவது), தனி நிலப் பட்டாவா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தனி நிலப் பட்டா என்றால் வீட்டு முகப்பைப் பற்றிக் குடியிருப்பாளர் சங்கம் சொல்வதற்குச் சட்ட வலிமை இல்லை. ஊராட்சி மன்றத்தின் அனுமதிதான் கணக்கு.

நிர்வாகக் குழுக்களிடம் கேட்பது சிறிய விஷயம். முகப்பு ஒழுங்காக இருக்க வேண்டும் என்றால், நிழல்கூரைக்கு இரண்டு மூன்று வடிவங்களை நீங்களே தேர்ந்தெடுத்து, நிறம், நீளம், பொருத்தும் முறை எல்லாம் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அந்த வடிவத்தில் மாட்டுகிறவர் மனு போட்டுக் காத்திருக்கத் தேவை இல்லை என்று ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்.

மகள் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம். மருமகன் மூன்று வடிவங்களை வரைந்து, விலைப்பட்டியலோடு வைத்திருக்கிறார். மேற்கு வரிசையில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மீதிப் பேர் வீட்டில் இருப்பதே இல்லையாம். மாலையில் வெயிலுக்குப் பயந்து பேரங்காடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களில் யாராவது இந்தக் கடிதத்தைப் படித்தால், கூட்டம் காலை பத்து மணிக்கு, காவலர் கூடத்துக்கு அருகில் உள்ள மண்டபத்தில். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டுப் போட முடியாது, முன்கூட்டியே கட்டிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
கிள்ளான்.